கெஸ்ட் சட்டை

"விருந்தும் மருந்தும் மூணு நாளுதான, மைக்கு? நான் மட்டும் எப்பிடி இத்தன வருசமா ஒங்களுக்குக் கசக்காம இருக்கேன்?"

ஒரு மேட்ச் முடிந்த சாயங்காலம், பூட்ஸில் ஒட்டிய கரிசல் மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டே அவர் இப்படிக் கேட்டார். மைக்கு என்பது நான். அருப்புக்கோட்டையில் மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். எங்கள் தெரு கிளப் கால்பந்து விளையாடினால் ஸ்பீக்கர் குழாய் கட்டுவதும் நான்தான், குழாயில் பேசுவதும் நான்தான். படித்தது எட்டாவது வரைக்கும். மீதியெல்லாம் மனுசர்கள் பேசுவதைக் கேட்டுக் கற்றதுதான். நல்ல பேச்சு எங்கே கேட்டாலும் முடிந்துவைத்துக்கொள்ளுகிற புத்தி எனக்கு உண்டு. அப்படி முடிந்துவைத்ததுதான் இதுவும். அன்றைக்குக் கூட்டத்தோடு கூட்டமாகச் சிரித்தேன். இப்போது அதை அவிழ்த்துப் பார்த்தால் காது மடல் சுடுகிறது.

கிளப்பில் அவருக்குப் பெயர் 'கெஸ்ட்டு'.

கிளப்பைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருப் பையன்கள் ஆரம்பித்தது. தெரு என்றால் ஒரே தெருதான். வத்தல் மண்டிக்காரர்கள், நூல் கடைக்காரர்கள், பலசரக்குக்காரர்கள். எல்லாரும் எல்லாருக்கும் மாமன், மச்சான், சித்தப்பா முறை. கிளப்புக்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் போர்டோடு நின்றுவிட்டது. ஊருக்குத் தெரிந்த பெயர் 'சேலை டீம்'.

அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு சாயத் தொட்டி. டீமில் ஒருவனுடைய அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தார். கல்யாணச் சேலை நூலுக்குப் போட்ட அரக்குச் சாயம் தொட்டியில் மிச்சம் கிடக்க, வெள்ளைப் பனியன்களை வாங்கி அதில் முக்கி எடுத்துவிட்டார்கள். நூலுக்குப் பிடிக்கிற சாயம் பனியனுக்கும் பிடிக்கும் என்று நினைத்தது நெசவூர்க்காரர்களுக்கே உள்ள திமிர். முதல் மேட்ச்சிலேயே வேர்வையில் சாயம் இறங்கி ஆளாளுக்கு முழங்கால் வரைக்கும் சிவப்பு. ரெப்ரி பதறிப்போய் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, "யாருக்குய்யா அடி?" என்று ஓடிவந்தார். சாயம் என்று தெரிந்ததும் எதிர்டீம் ஆட்கள் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டியதுதான் 'சேலை டீம்'. எந்த ஊருக்குப் போனாலும் எவனாவது ஒருவன் கத்துவான், "ஏலே, முந்தானைய எடுத்துச் சொருகிட்டு ஆடுங்கடா."

எங்கள் பையன்கள் இதற்கு மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார்கள். அந்தக் கேலியைப் பெருமையாக மாற்றிக்கொடுத்தவர் கெஸ்ட்டுதான். அவர் ஆடுவது பேக், கோலைக் காக்கிற பின்வரிசை. கோலிக்கு முன்னால் ஒரு பனைமரம் நிற்கிற மாதிரி நிற்பார். காரியாபட்டியில் ஒரு மேட்ச். ஒருவன் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "வழி விடுங்க சேலைக்காரரே" என்றான். இவர் பந்தை அவன் காலிலிருந்து பூப்போல எடுத்துக்கொண்டு, "சேலைதான் தம்பி. துச்சாதனன் இழுத்த சேலை. இழுத்துப் பாரு, முடிவே இருக்காது" என்றார். கோட்டுக்கு வெளியே நின்ற ஆட்கள் அதைக் கேட்டு நான்கு பேருக்குச் சொல்ல, ஆட்டம் முடிவதற்குள் மைதானம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை, குழாயில் சொன்னேன். அடுத்த தைக்குச் சட்டை எடுத்தபோது அரக்கு நிறமே வேண்டும் என்று பையன்களே கேட்டார்கள். சாயம் போகாத நல்ல துணியில் தைத்தோம். எங்கள் கிளப்புக்கு ஒரு நிறம், ஒரு குணம், ஒரு பதில் என்று அமைந்தது அந்தப் பேச்சிலிருந்துதான்.

அந்த நிறத்தில் ஒரு புதுச்சட்டை அவருக்குக் கிடைத்ததில்லை.

அவர் தெருக்காரர் இல்லை. பந்தல்குடியைத் தாண்டி, சுண்ணாம்புக் காளவாசல்களில் கல் சுடுகிற வேலை. குடியிருப்பு அதை ஒட்டிய காலனியில். எங்கள் பேக் ஆடுகிறவனுக்குக் கால் முறிந்த வருசம், சுண்ணாம்பு லோடு ஏற்றிவந்த லாரி டிரைவர் சொல்லி வந்தார். ஒரே ஒரு மேட்ச்சுக்கு என்றுதான் கூப்பிட்டோம். லாரியின் மேல் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்து இறங்கினார். இமைமுடியெல்லாம் வெள்ளை. கையோடு ஒரு சாக்குப் பையில் சுண்ணாம்புத் தூள் கொண்டுவந்திருந்தார். "கோடு போடாமக் கெடக்கே" என்று தானே குனிந்து, மைதானத்துக்கு நான்கு பக்கமும் கோடு இழுத்துவிட்டுத்தான் ஆட வந்தார். அதற்குப் பிறகு எங்கள் மைதானத்துக்கு வேறு யாரும் கோடு போட்டதில்லை.

மெம்பர் என்றால் தெருப் பிள்ளைகள் மட்டும்தான் என்று கிளப்பில் விதி. வெளியாள் ஆடினால் கெஸ்ட். மற்ற கிளப்புகளிலும் கெஸ்ட் உண்டு. ஒரு மேட்ச் ஆடுவார்கள், இரண்டு மேட்ச் ஆடுவார்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் கெஸ்ட் வருசக் கணக்கில் கெஸ்ட்டாகவே ஆடினார். நாங்கள் புதுச்சட்டை எடுக்கும்போது பழசில் பெரிதாக ஒன்றை அவருக்கு ஒதுக்குவோம். அதற்குப் பெயர் கெஸ்ட் சட்டை. மெம்பர்கள் சட்டையை வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போவார்கள், அதோடே சினிமாவுக்குப் போவார்கள், கண் வைத்த பெண் இருக்கிற தெரு வழியாக இரண்டு தடவை கூடுதலாக நடப்பார்கள். கெஸ்ட் சட்டை மட்டும் கிளப் ரூமிலேயே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் அவரிடம் யாரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதுதான் அவருடைய குணம். நாங்கள் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், சொல்வதற்கு முன்னால் அவரே செய்துவிடுவார். எங்கள் வாயிலிருந்து ஒரு அசிங்கமான வார்த்தை வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர் போல.

மேட்ச் நாளில் சட்டைகளையெல்லாம் ரூமில் ஒரே கொடியில்தான் போடுவோம். அவர் வந்த முதல் மாதமே ஒரு ஆணியைக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் அடித்தார். தன் உயரத்துக்கு, கையைத் தூக்கி அடித்தார். "சுண்ணாம்புத் தூளு பாருங்க, ஒங்க சட்டையில ஒட்டிரும். எனக்கு இது தனியா இருக்கட்டும்" என்றார். எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது. கொடியில் அவர் சட்டை பக்கத்தில் தன் சட்டையைப் போட ஒருவன் முகம் சுளித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம்.

தண்ணீர் விசயமும் இப்படித்தான். பாதி ஆட்டத்தில் எலுமிச்சையும் உப்பும் வரும், குடத்துத் தண்ணீரும் ஒரு டம்ளரும் வரும். அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்து கார்னர் கொடி ஓரமாக வைத்திருப்பார். சித்திரை வெயிலில் அது கொதித்துக் கிடக்கும். "குளுந்த தண்ணி குடிங்கண்ணே" என்று ஒரு சின்னப் பையன் விவரம் தெரியாமல் டம்ளரை நீட்டினான். இவர் அவனைத் தட்டிக்கொடுத்து, "காளவாசல்ல வேகறவனுக்குக் குளுந்த தண்ணி ஒத்துக்காது தம்பி, சளி பிடிச்சுக்கிரும்" என்றார். நீட்டிய கை திரும்பிப் போனது. எல்லாரும் எலுமிச்சையைச் சப்பினோம்.

மேட்ச் முடிந்ததும் முதலில் ரூமுக்குப் போவது அவர். சட்டையைக் கழற்றுவார். வேர்வையில் நனைந்ததைப் பிழிந்து, உதறி, இரண்டு கையையும் உள்ளே மடித்து, அப்புறம் நெஞ்சுப் பக்கம் மடித்து, ஆணியில் மாட்டுவார். கோயில் மாலையை மாட்டுகிற பதனம். பிறகு வாசலில் நின்று, "அப்ப நான் வாரேன்" என்பார். எவ்வளவு அவசரமானாலும் 'வாரேன்' சொல்லாமல் போகமாட்டார்.

எங்கள் செகரட்டரி வத்தல் மண்டி வைத்திருந்தார். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நல்ல மனிதர். அவரைக் கெட்டவர் என்று காட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. கெஸ்ட் மேல் அவருக்கு நிஜமாகவே பிரியம். வெளியூர் டீமிலிருந்து யாராவது, "அந்த நெட்டையான ஆளு ஒங்க ஆளா?" என்று கேட்டால், "நம்மாளு மாதிரி" என்பார். அந்த 'மாதிரி'யை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வீட்டைச் சுற்றிக் கருவேல முள் அடைப்பதுண்டு. அதுபோல அந்தச் சொல்லை அண்ணாச்சி தெருவைச் சுற்றி அடைத்து வைத்திருந்தார். நாங்கள் எல்லாரும் உள்ளே இருந்தோம்.

ஒரு பரிசளிப்பு விழாவில் மில் முதலாளி ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். மேடையில் பெரிய நாற்காலி, பொன்னாடை, சந்தனம். நான் குழாயில், "சிறப்பு விருந்தினர் அவர்கள்" என்று நீட்டி முழக்கிக்கொண்டிருக்கிறேன். இவர் மைக் செட்டுப் பெட்டி பக்கத்தில் மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மெல்லச் சொன்னார்: "அவுகளும் விருந்தாளி, நானும் விருந்தாளி. அவுகளுக்குச் 'சிறப்பு' போட்டுட்டீக. எனக்கு முன்னால என்ன போடலாம், மைக்கு?" எனக்குச் சிரிப்பு வந்து, அது குழாயிலும் கேட்டு, அண்ணாச்சி முறைத்தார். பதில் சொல்ல நேரமில்லாமல் போனது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகள் பிறந்து சில வருசம் ஆகியிருந்தது. உள்ளூரில் நாங்களே நடத்துகிற பொங்கல் போட்டி. ஒருநாளும் அந்தக் கோப்பையை நாங்கள் ஜெயித்ததில்லை. சொந்த மைதானத்தில், சொந்தச் சுண்ணாம்புக் கோட்டில், வெளியூர்க்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த வருசம் செமி பைனல் வரைக்கும் வந்துவிட்டோம். அன்றைக்கு அவர் தன் மகளைக் கூட்டிவந்திருந்தார். ஏழெட்டு வயசிருக்கும். எண்ணெய் தேய்த்து வாரிய தலையில் இரண்டு பக்கமும் ரிப்பன். என் பக்கத்தில் உட்காரவைத்து, "மைக்கு மாமாட்ட இரு, ஓடக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஆடப் போனார்.

அவள் ஆட்டத்தைப் பார்த்தாளோ இல்லையோ, சட்டையைப் பார்த்தாள். பாதி ஆட்டத்தில் அப்பா வந்ததும் கேட்டாள்: "எல்லாச் சட்டையும் செவசெவன்னு இருக்கு. ஒஞ்சட்டை மட்டும் ஏம்ப்பா வெளுத்திருக்கு?"

"சுண்ணாம்புல வேல பாக்கேன்ல தாயி. வெளுக்கத்தான் செய்யும்."

அவள் ஒத்துக்கொண்டாள். நானும் ஒத்துக்கொண்டேன். அவர் சொன்னால் எதுவும் நியாயமாகத்தான் கேட்கும்.

ஜெயித்தோம். எல்லாரும் ரூமுக்கு வந்தோம். அவர் சட்டையைக் கழற்றி, பிழிந்து, உதறி, மடித்து, ஆணிக்குக் கையைத் தூக்கினார். வாசலில் நின்ற மகள் கேட்டாள்:

"ஏப்பா, அது நம்ம சட்டை இல்லையா?"

தூக்கிய கை அப்படியே நின்றது. ரூமில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். ஆடியவர்கள் எல்லாரும் புதுச்சட்டையோடு நின்றார்கள்.

"நம்மளதுதான் தாயி. இங்க இருக்கட்டும்."

"அம்மாட்டக் காட்டணும்ப்பா. நீ டீம்ல இருக்கன்னு சொன்னா அம்மா சிரிக்கிது. நம்ப மாட்டேங்குது."

இந்த இடத்தில் அவரிடமிருந்து ஒரு பேச்சு வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம். எப்போதும் வருமே. எங்களைக் காப்பாற்றுகிற ஒரு வேடிக்கைப் பேச்சு. வரவில்லை. அவர் சட்டையை ஆணியில் மாட்டினார். வெறும் உடம்பில் துண்டைப் போட்டுக்கொண்டார். "வாரேன்" என்றார். மகள் திரும்பித் திரும்பி அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே போனாள். யாராவது ஒருவர், "கொண்டு போங்க, காமிச்சுட்டுக் கொண்டாங்க" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது என்று அப்புறம் நாலைந்து பேர் சொன்னார்கள். எங்கள் தெருவில் நல்ல வார்த்தைகளுக்கு நாக்கு நுனிதான் கடைசி ஸ்டாப்.

பைனலில் தூத்துக்குடிப் பக்கத்து டீம். ஆட்டத்தை விவரித்தால் என் குழாய்ப் புத்தி வந்துவிடும், அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாங்கள் ஒரு கோல் போட்டிருந்தோம். கடைசி நேரத்தில் எங்கள் கோலி வழுக்கி விழுந்து, பந்து காலி கோலுக்குள் உருண்டுகொண்டிருக்கிறது. எங்கிருந்தோ அவர் வந்து விழுந்தார். அவரே போட்ட கோட்டின் மேல், நெஞ்சை அணையாகக் கொடுத்துப் பந்தை நிறுத்தினார். எழுந்தபோது கெஸ்ட் சட்டையில் குறுக்காக வெள்ளையாய் ஒரு பட்டை. மைதானமே எழுந்து நின்றது. நான் குழாயில் கத்தினேன்: "கெஸ்ட்டு! கெஸ்ட்டு! நம்ம கெஸ்ட்டு!" அந்த மகிழ்ச்சியின் உச்சத்திலும் எனக்கு வாயில் வந்தது அதுதான்.

கோப்பை வந்தது. போட்டோக்காரர் வந்தார். எப்போதும் போட்டோ என்றால் அவர் தானாகவே, "நான் சைக்கிளைப் பாத்துக்கிறேன்" என்று ஒதுங்கிவிடுவார். அன்றைக்கு மகள் மைக் செட்டுப் பெட்டி மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து, பின் வரிசையில், ஓரமாக நின்றார்.

எல்லாருக்கும் தெரிந்தது. ஆளாளுக்கு அண்ணாச்சியைப் பார்த்தோம். அண்ணாச்சிதான், மிகவும் அன்பான குரலில், "கெஸ்ட்டு, இது மெம்பர் போட்டோப்பா. மண்டியில மாட்டுறதுக்கு. அடுத்தாப்புல ஒன்னைய வச்சுத் தனியா ஒண்ணு எடுப்போம், என்ன?" என்றார்.

"சரிங்க அண்ணாச்சி."

அவர் விலகியதும் வரிசையில் ஒரு இடம் பல் விழுந்த மாதிரி இருந்தது. பதினோரு பேர் இருந்தால்தானே டீம். போட்டோக்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்து, "ஒரு ஆளு கொறையுதே" என்றார். "மைக்கு, நீ வா, எடத்த அடை" என்றார்கள். நான் தெருக்காரன். போனேன். கட்டம் போட்ட சட்டையோடு, கோப்பை ஜெயித்த டீமில் பேக்காக நான் நிற்கிற அந்தப் படம், அண்ணாச்சி இறந்த பிறகும் மண்டியில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம், "எல்லாம் நம்ம தெருப் பயலுக" என்று காட்டுகிறார்கள். இந்தப் பக்கத்துக் கால்பந்து வரலாறு என்று எவராவது எழுத வந்தால் அந்தப் படத்தைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

அடுத்த படம் எடுக்கக் கூப்பிட்டபோது போட்டோக்காரர் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "பிலிம் தீந்துபோச்சு அண்ணாச்சி." அது நிஜமாகவே தீர்ந்துதான் போயிருந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

அவர் மகளைப் பெட்டியிலிருந்து இறக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ரூம் பக்கம் போகவில்லை. சட்டையோடு கேட்டைப் பார்த்து நடந்தார். என்னைக் கடக்கும்போது, "போறேன், மைக்கு" என்றார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில்கூட யோசித்துத்தான் அந்த வார்த்தையைச் சொல்வார்கள். ஏதோ வாய் தவறிவிட்டது என்று நினைத்து, நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கிளப் ரூமில் ஆணி வெறுமனே இருந்தது.

"மறந்திருப்பாரு" என்றான் ஒருவன்.

"அவரா? மறப்பாரா?" என்றான் கேப்டன். நூல் கடைக்காரர் மகன். "அண்ணாச்சி, நான் சொல்றேன்னு கோவிக்காதீக. இன்னைக்குச் சட்டை. நாளைக்கு மெம்பருன்னு கேப்பாரு. அப்புறம் கல்யாணப் பந்தியில எல போடச் சொல்லுவாரு."

"ஏலே, ஒரு பழைய சட்டைக்கா இம்புட்டுப் பேச்சு?" என்றான் இன்னொருவன்.

அண்ணாச்சி அந்த ஆணியைப் பார்த்தார். "சட்டை போனாப் போகுது. நெய்யிற ஊருல சட்டைக்கா பஞ்சம்? வழக்கம் போயிரக் கூடாதுல்ல" என்றார்.

வழக்கத்தைத் திருப்பி வாங்கிவர ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் போனோம். அண்ணாச்சி, கேப்டன், பேச்சுக்கு நான். பந்தல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, லாரிகள் நிற்கிற ஒரு டீக்கடையில் விசாரித்தோம்.

"யாரப் பாக்கணும்?" என்றார் டீக்கடைக்காரர்.

அண்ணாச்சி கேப்டனைப் பார்த்தார். கேப்டன் என்னைப் பார்த்தான். "நீ சொல்லு மைக்கு. நீதான குழாயில சொல்லுவ."

"காளவாசல்ல வேல பாக்காரு. ஒசரமா இருப்பாரு" என்றேன்.

"காளவாசல்ல நெட்டை ஆளுக்கா பஞ்சம்? பேரச் சொல்லுங்கய்யா."

நான்தான் சொன்னேன்: "நாங்க கெஸ்ட்டுன்னு கூப்புடுவோம்."

"கெஸ்ட்டா? வேதக்காரரா? இங்க சர்ச்சுக்குப் போற குடி இல்லையே."

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி கிளீனர் பையன் சிரித்துவிட்டான். "பந்து வெளாடுற நம்ம அண்ணனத் தேடுறாக போல" என்று சொல்லி, பெயரைச் சொன்னான். "இத்தன வருசமா ஒங்களுக்குத்தான ஆடுனாக? பேரு தெரியாமயா?"

அந்தப் பெயர் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. குழாயில் சொன்னால் நன்றாக எதிரொலிக்கிற பெயர். இங்கே அதை எழுதவில்லை. மைக் என் கையில் இருந்த காலத்தில் ஒருதடவைகூடச் சொல்லாத பெயரை, இப்போது பேனா கிடைத்தது என்று எழுதி நல்ல பெயர் வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை.

காளவாசல்களைத் தாண்டி வீடு. வாசல் பொட்டலில் பிள்ளைகள் துணிப்பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள். எங்கள் சட்டை அவளுக்குக் கெண்டைக்கால் வரைக்கும் தொங்கியது. துவைத்திருந்தார்கள். அந்தச் சுண்ணாம்புப் பட்டை மட்டும் லேசாகத் தெரிந்தது. "இது எங்கப்பா டீமு. நான்தான் பேக்கு" என்று ஒரு பயலைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவர் வேலையிலிருந்து அப்படியே வந்தார். தலை, புருவம், மார்பு எல்லாம் வெள்ளை. எங்களைப் பார்த்தார். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது அவருக்கு. பெஞ்சைத் துண்டால் துடைத்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. வெயில்ல வந்திருக்கீக."

அவர் மனைவி ஒரு செம்பில் தண்ணீரோடு நிலைப்படி வரைக்கும் வந்தார். அவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா செம்போடு உள்ளே போய்விட்டார். இவர் ஒரு பையனைக் கூப்பிட்டு, "கடையில மூணு கலரு வாங்கியா. மூடி ஒடைக்காமக் கொண்டா. இங்க வந்து இவுக முன்னாடி ஒடைப்போம்" என்றார்.

கலர் சோடா வந்தது. உடைத்தார். குடித்தோம். அவர் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்கிற கஷ்டம்கூட எங்களுக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். அவ்வளவு இனிப்பான ஒன்றை நான் அவ்வளவு சிரமப்பட்டு விழுங்கியதில்லை.

"சும்மா இந்தப் பக்கம் ஒரு சோலியா…" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"நானே கொண்டாந்து குடுக்கணும்னுதான் இருந்தேன் அண்ணாச்சி" என்றார் அவர். "இவ கழட்ட மாட்டேன்னுட்டா. ஒங்களுக்கு அலைச்சலாப் போச்சு."

மகள் பந்தை விட்டுவிட்டு வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். என்னை அவளுக்குத் தெரியும். மற்ற இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவுக யாருப்பா?"

நாங்கள் மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்தோம். என் டீமு என்று சொல்வாரா என்று ஒரு ஆசை இருந்தது எனக்கு. வெட்கம்கெட்ட ஆசை.

"கெஸ்ட்டு, தாயி."

"கெஸ்ட்டுன்னா?"

"விருந்தாளி. நம்ம வீட்டுக்கு வந்திருக்காக."

"எதுக்கு வந்திருக்காக?"

"விருந்தாளிய எதுக்கு வந்தீகன்னு கேக்கப்படாது" என்றார் அவர். அவள் தலையை ஒரு தடவை தடவினார். சுண்ணாம்புக் கை தலையில் வெள்ளையாக ஒட்டியது. "வெறுங்கையோட அனுப்பவும் கூடாது. அந்தச் சட்டையக் கழட்டிக் குடு தாயி."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அண்ணாச்சி வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கவுனுக்கு மேல் போட்டிருந்த சட்டையைத் தலைவழியாக உருவினாள். உதறினாள். இரண்டு கையையும் உள்ளே மடித்து, அப்புறம் நெஞ்சுப் பக்கம் மடித்தாள். கிளப் ரூம் வாசலில் நின்று, அப்பா மடித்ததை ஒரே ஒரு தடவை பார்த்தது. அண்ணாச்சியிடம் இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, "சரியாப்பா?" என்று கேட்டாள்.

"சரிதான் தாயி" என்றார் அவர். எங்களிடம், "போய்ட்டு வாங்க" என்றார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கொஞ்சம் கிடைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் அண்ணாச்சி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் சட்டை. சவுக்காரச் சோப்பு வாசனை அடித்தது. பாதி வழியில் கேப்டன், "நல்ல மனுசன்தான்" என்றான். அண்ணாச்சி, "ஆமா, நம்மாளு…" என்று ஆரம்பித்துவிட்டு, மீதியைச் சொல்லாமல் கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் அவர் எங்களுக்கு ஆடவில்லை. லாரி டிரைவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டோம். பதில் வரவில்லை.

சட்டையோடு பஸ்ஸில் திரும்பிய அன்றைக்குச் சாயங்காலம் நேராகக் கிளப் ரூமுக்குத்தான் போனோம். அண்ணாச்சி சட்டையைக் கேப்டனிடம் கொடுத்தார். கேப்டன் கதவைச் சாத்தி, அதன் பின்னால் நின்று கையைத் தூக்கினான். குதிகாலை உயர்த்திப் பார்த்தான். அப்புறம் நான் வாங்கி எம்பிப் பார்த்தேன். அந்த ஆணியில் அதுநாள் வரைக்கும் எங்களில் எவனும் எதையும் மாட்டியதில்லை. அதனால் எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அவர் அதை அவருடைய உயரத்துக்கு அடித்திருந்தார். எங்கள் ஒருவருக்கும் எட்டவில்லை.